குன்றிறங்கிய கட்டில்

முன்னொரு காலத்தில், மேற்குக் கடலின் நடுவே எரின் என்றொரு பச்சைத் தீவு இருந்ததாம். அதை ஆண்ட ருவாரி மன்னனுக்குப் படை உண்டு, பசுக்கள் உண்டு, அன்பான மனைவி ஈத்னே உண்டு. இல்லாதது தூக்கம் ஒன்றுதான். அவனுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்திருந்தார்கள். ஒன்று ஓய்ந்தால் மற்றொன்று தொடங்கும்.

நம்மைப் போன்றவர்கள் இரவில் விட்ட தூக்கத்தைக் காலையில் பிடித்துக்கொள்ளலாம். ருவாரிக்கு அது நடக்காது. அந்த நாட்டில் முடிசூடும்போதே அரசனுக்கு ஒரு விலக்கு விதிப்பார்கள். ருவாரிக்கு விதித்தது இது: 'அரண்மனைக் குன்றின்மேல் அவன் படுத்திருக்கையில் சூரியன் உதிக்கக் கூடாது. உதித்தால் அன்றே முடி இறங்க வேண்டும்.'

ஒருநாள் சபையில் கொட்டாவி விட்டபடியே மன்னன் அறிவித்தான்: "நாளை நாம் உச்சிப்பொழுதுவரை உறங்க வேண்டும். விலக்கும் கெடக் கூடாது. வழி சொல்லுங்கள்."

அதைக் கேட்ட முர்தாவுக்கு வயிறு குளிர்ந்தது. அவன் மன்னனின் சிற்றப்பா மகன். ருவாரியின் முடி இறங்கினால் அடுத்து ஏறுவது அவன் தலையில்தான். போதாக்குறைக்கு, சபை விகடன் ஓரனைக் கண்டாலே அவனுக்கு ஆகாது.

"அரசே, நம் ஓரனால் ஆகாததும் உண்டோ? அவனிடமே விடுங்கள். முடியாவிட்டால் நாட்டைவிட்டுத் துரத்துங்கள்" என்றான்.

"அப்படியே ஆகட்டும்" என்று சொல்லி முடிப்பதற்குள் மன்னனுக்குக் கண் செருகிவிட்டது.

ஓரன் கலங்கிப்போனான். ஒரு குளிர்காலத்தில் பனியில் விழுந்து கிடந்த அவனைத் தூக்கிவந்து, தன் கணப்பருகே உட்காரவைத்து, தன் கையாலேயே கூழ் ஊட்டியவன் ருவாரி. தன் வேலை போனால் போகட்டும், அந்த நல்ல மனிதன் முடியிழக்கலாமா? விலக்கை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். சட்டென்று சிரித்துவிட்டு நேரே அரசியிடம் போனான்.

மறுநாள் கிழக்கு வெளுத்ததும் வெளுக்காததுமாக முர்தா முறையறிந்த பெரியவர்களைத் திரட்டிக்கொண்டு வந்து பள்ளியறைக் கதவைத் தட்டினான். தோளுக்கொரு குழந்தையாகச் சாத்திக்கொண்டு அரசி கதவைத் திறந்தாள். உள்ளே மன்னனும் இல்லை, கட்டிலும் இல்லை!

"யாரைத் தேடுகிறீர்கள், கொழுந்தனாரே? காவலர்கள் அவரைக் கட்டிலோடு தூக்கிப் போய்விட்டார்கள். வழியெல்லாம் குறட்டைதான்" என்று சன்னலைக் காட்டினாள்.

அடிவாரத்துப் புல்வெளியில் அரசனின் கட்டில் கிடந்தது. சுற்றிலும் பசுக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. முர்தா பெரியவர்களையும் இழுத்துக்கொண்டு விழுந்தடித்து இறங்கி ஓடினான்.

"சூரியன் உதித்துவிட்டது! இவரோ படுத்திருக்கிறார்! முடியை இறக்குங்கள்!"

"மெல்லப் பேசுங்கள் ஐயா, மாடு மிரளும்" என்றான் கட்டிலருகே நின்ற ஓரன். "பெரியோர்களே, விலக்கை ஒருமுறை சொல்லியருள வேண்டும்."

மூத்தவர் தொடங்கினார்: "அரண்மனைக் குன்றின்மேல் அவன் படுத்திருக்கையில்..."

"குன்று அதோ இருக்கிறது" என்று ஓரன் மேலே கைகாட்டினான். "இது மாடு மேயும் தரை."

பெரியவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. விலக்கு கெடவில்லை என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

உச்சிவெயிலில் ஒரு கன்று உள்ளங்காலை நக்க, மன்னன் விழித்தான். நடந்ததைக் கேட்டுக் கட்டில் ஆடச் சிரித்தான்.

"முர்தா, விடியலில் விழித்திருக்க உனக்குத்தான் எவ்வளவு ஆசை! இனித் தொட்டிலை நீயே ஆட்டு" என்றான். பிறகு ஓரனின் கைகளைப் பிடித்துக்கொண்டான். "என் முடியைக் காத்தாய். அதைவிடப் பெரிதாக, என்னைத் தூங்கவைத்தாய். நன்றியப்பா! இந்தப் புல்வெளி இனி உன்னுடையது."

பிடி மண்ணும் சொந்தமில்லாத ஓரனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அரசே, அன்று கூழ் ஊட்டினீர்களே, அதற்கே நான் இன்னும் நன்றி சொல்லி முடிக்கவில்லை."

"முடிக்க வேண்டாம். நாளைக்கும் என் கட்டிலுக்கு இங்கே இடம் கொடு, போதும்."

அப்போது குன்றின்மேல் இரண்டு தொட்டில்களும் ஒன்றாக வீறிட்டன. மன்னன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். அவன் தூங்கட்டும், நாமும் சத்தமில்லாமல் எழுந்து போவோம்.