பந்து பிடிக்கும்போது விழுந்த அடி

அந்தக் காலத்தில் விலங்குகள் பேசின. இது எல்லாருக்கும் தெரியும். பின்னங்காலில் நின்று கூடைப்பந்தும் ஆடின. இதைத்தான் யாரும் சொல்வதில்லை.

விசில் ஆமையிடம் இருந்தது. விதியும் அவர் போட்டதுதான். பந்தைப் பிடித்தால், தரையில் தட்டாமல் இரண்டு அடிதான் வைக்கலாம். மூன்றாவது வைத்தால் டிராவல், பந்து எதிரணிக்கு. தானே நடந்து பார்த்துவிட்டுத்தான் இதைப் போட்டார். ஆமை நடந்து பார்த்தால் எந்த விதியும் சரியாகத்தான் இருக்கும்.

மாட்டிக்கொண்டது வெளிமான். முழு வேகத்தில் ஓடிவந்து பந்தைப் பிடிப்பாள். பிடிக்கிற நேரத்தில் ஒரு கால் ஏற்கெனவே தரையில் இறங்கிக்கொண்டிருக்கும். ஆமை அதையும் சேர்த்து எண்ணுவார். பீப். மறுபடியும் பீப்.

"இன்னொரு தடவை ஊதினேன்னா நீ இனிமே ஆடவே வேண்டாம்," என்றார்.

ஓடுவதைத் தவிர மானுக்கு வேறு ஒன்றும் வராது.

"அண்ணே, அந்த அடி நான் வைக்கிறதில்ல. அதுவா விழுது."

"நின்னுட வேண்டியதுதானே? நான் நிக்கலையா?"

"நீங்க எப்பண்ணே ஓடினீங்க?" என்றான் கிளையில் தொங்கிய குரங்கு. மைதானமே சிரித்தது.

மான் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து முதுகைக் காட்டினாள். "ஏறிக்கோங்க. பந்தைப் பிடிச்சதும் ஊதுங்க. நீங்க சொன்ன மாதிரியே நிக்கிறேன்."

ஆமை ஏறினார். மான் ஓடினாள். குரங்கு பந்தை எறிந்தான், அவள் பிடித்தாள், ஆமை ஊதினார். நிஜமாகவே அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள்.

ஆமை நிற்கவில்லை. அவள் தலைக்கு மேலே பறந்து, கூடைக் கம்பத்தையும் தாண்டி, எருமைகள் படுத்திருந்த சேற்றில் தலைகுப்புற விழுந்தார்.

கால் சுளுக்கி நொண்டியபடியே மான் ஓடிப்போய்ப் பார்த்தாள். எருமைகள் அவரைத் திருப்பிப் போட்டன. தலை வெளியே வரவில்லை. ஆள் போய்விட்டார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். அப்புறம் ஓட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்:

"அந்த அடி கணக்குல கிடையாது."

மான் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அப்ப நான் ஆடலாமாண்ணே?"

"ஆடித் தொலை. முதல்ல என்னைக் கழுவி விடு."

"எங்களுக்கும் அதே விதிதான்!" என்று அணில் குட்டிகள் குதித்தன. ஒருத்தன் பந்தைத் தூக்கிக்கொண்டு, "இன்னும் பிடிக்கிறேன், இன்னும் பிடிச்சிட்டே இருக்கேன்" என்று கத்தியபடி மைதானத்தின் அந்த முனைக்கே ஓடிவிட்டான்.

"உங்களுக்குக் கிடையாது, போங்கடா!" என்றார் ஆமை. "முதல்ல ஒழுங்காப் பிடிக்கக் கத்துக்கிட்டு வாங்க. அப்புறம் பாக்கலாம்."

அன்று முதல்தான் இப்படி ஆனது. பல பள்ளி ஆட்டங்களில் அந்த அடிக்கு இன்றும் விசில் ஊதுகிறார்கள். பெரிய ஆட்டங்களில் நடுவர் அதைப் பார்த்தும் சும்மா ஓடுகிறார். அவருக்குக் கண் தெரியாமல் இல்லை. சேற்றில் விழ இஷ்டமில்லை, அவ்வளவுதான்.