கூனிமலையில் ஒற்றைச் செருப்பு

ஊமத்தூரில் நகல் அலுவலகம் என்று ஒன்று உண்டு. மேலிடத்திலிருந்து வரும் காகிதத்தை உள்ளது உள்ளபடி இன்னொரு காகிதத்தில் எழுதுவதுதான் அங்கே வேலை. மூலத்தில் டீ டம்ளர் வைத்த வட்டக் கறை இருந்தால், நகலிலும் அதே இடத்தில் டம்ளரை வைத்து எடுப்பார்கள். அப்பேர்ப்பட்ட நேர்மை. எழுதியிருப்பதற்கு ஏன் என்று கேட்பவர்களை அங்கே வேலைக்கு எடுப்பதில்லை. பெண்களை எடுக்காததற்கும் அதுதான் காரணம் என்று சொல்லிக்கொள்வார்கள்.

அந்த அலுவலகத்தில் நகலெடுப்பவன் திருமேனி. வயது முப்பத்தொன்று. ஏழு வீட்டில் பெண் பார்த்து, ஏழு வீட்டு சொஜ்ஜியும் பஜ்ஜியும் தின்று, ஏழு வீட்டாராலும் வேண்டாமென்று சொல்லப்பட்டவன். எட்டாவதாக அமைந்தவள் செம்மலர், பல்கலைக்கழகத்தில் சட்டம் படிப்பவள். அவளுக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததால் அவள் மறுக்கவும் இல்லை. மறுக்காததைச் சம்மதம் என்று பெரியவர்கள் எழுதிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முகூர்த்தம்.

செம்மலர் அவனிடம் ஒரே ஒருமுறை போனில் பேசினாள். "எட்டரைக்கு மண்டபத்துல இருங்க. நீங்க வரலைன்னா நான் கிளம்பிடுவேன்" என்றாள். அந்தக் குரலில் இருந்த ஆவலைப் பற்றித் திருமேனி இரண்டு நாள் தூங்காமல் நினைத்துக்கொண்டிருந்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை மலையேறிவிட்டு வரவேண்டும் என்று முடிவெடுத்தது அவன் இல்லை. தலைமை எழுத்தர் அம்பலவாணன். கல்யாணத்துக்குப் பிறகு ஆண்பிள்ளைக்கு ஏது சுதந்திரம் என்று அவர் பெருமூச்சு விட்டார். அவர் வீட்டில் அவர் மனைவி அவருக்குச் சோறு போட்டு, தட்டைக் கழுவி, சட்டையைத் தேய்த்து, செருப்பைத் துடைத்து வைக்கும் கொடுமையை இருபது வருஷமாகச் சகித்து வருபவர். கூட வருவதாகச் சாத்தப்பனும் குலசேகரனும் பெயர் கொடுத்தார்கள். செவ்வாய் ஏறி, புதன் உச்சியில் இருந்து, வியாழன் இறங்கி, வெள்ளி கல்யாணம். காகிதத்தில் எழுதிப் பார்த்தார்கள். சரியாக வந்தது.

மலையேறுகிறவர்களுக்கென்று அச்சடித்த துண்டுப் பிரசுரம் ஒன்றைச் சாத்தப்பன் எங்கிருந்தோ வாங்கி வந்தான். அதில் இப்படி இருந்தது: 'மூட்டை பத்துக் கிலோவுக்கு மேல் போகக் கூடாது. மனசுக்குப் பிடித்த ஆடம்பரப் பொருள், ஆளுக்கு ஒன்று எடுத்துச் செல்லலாம்.'

ஆடம்பரம் என்றால் என்ன? இதைப் பேசி முடிக்க ஒரு முழு அலுவலக நாள் பிடித்தது. எது இல்லாமல் இருக்க முடியுமோ அது என்றான் சாத்தப்பன். எது இருந்தும் பிரயோஜனமில்லையோ அது என்றார் அம்பலவாணன். அவர் தலைமை எழுத்தர் என்பதால் அதுவே சரியென்று ஆயிற்று. அந்தக் கணக்கில் அவர் எடுத்துக்கொண்டது மேஜை மின்விசிறி. கூனிமலையில் கரண்ட் கிடையாது என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகே மூட்டையில் கட்டினார். விசிறி ஏழு கிலோ. எனவே அரிசியும் பருப்பும் கம்பளியும் வீட்டிலேயே நின்றுவிட்டன.

சாத்தப்பன் காபிப் பைத்தியம். பித்தளை பில்டரை எடுத்துக்கொண்டான். காபிப் பொடி இரண்டாவது பொருளாகிவிடும், டபரா மூன்றாவது. விதியை மீறக் கூடாது என்று வெறும் பில்டரோடு வந்தான்.

குலசேகரனுக்கு உலகத்தில் ஒரே சுகம், அவன் மனைவி காலையில் போட்டு வைக்கும் வெந்நீர். ஆகவே மனைவியை எடுத்துப் போகலாமா என்று அவளிடமே கேட்டான். அவள் அடுப்பைப் பார்த்தபடியே, "நான் அறுபத்திரண்டு கிலோ. முதுகுல தூக்கிக்கிட்டு ஏறுறதா இருந்தா வர்றேன்" என்றாள். பத்துக் கிலோவுக்கு மேல் போகிறதே என்று வருந்தி, அவள் போட்ட வெந்நீரை மட்டும் வாளியில் ஊற்றி மூடி எடுத்துக்கொண்டான். பஸ் ஸ்டாண்ட் வரும்போதே அது ஆறிவிட்டது. வாளியும் தண்ணீரும் சேர்ந்து சரியாகப் பத்துக் கிலோ. ஆகவே அவன் மாற்றுச் சட்டைகூட எடுக்கவில்லை.

திருமேனி எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டது, கல்யாண வரவேற்புக்கென்று வாங்கிய புதுச் செருப்பு. மெத்தென்ற தோல், கால் வைத்தால் வெண்ணெயில் வைத்த மாதிரி இருக்கும். இதில் ஒரு சட்டச் சிக்கல் எழுந்தது.

"செருப்பு ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்டான் சாத்தப்பன்.

"ஒரு ஜோடிண்ணே."

"பொண்ணும் மாப்பிள்ளையும் ஒரு ஜோடிதான். அதுக்காக ரெண்டு பேரும் ஒரே ஆளா? அப்படின்னா பந்தியில ஒரு இலைதானே போடணும்."

திருமேனி யோசித்தான். நியாயமாகத்தான் பட்டது. வெள்ளிக்கிழமை மண்டபத்துக்குள் எந்தக் காலை முதலில் வைக்கப் போகிறானோ அந்தக் காலுக்குரியதை எடுத்துக்கொள் என்று அம்பலவாணன் தீர்ப்புச் சொன்னார். வலது செருப்பு மூட்டைக்குள் போனது.

செவ்வாய்க்கிழமை ஏறினார்கள். ஒரு பிஸ்கட் பொட்டலத்தை நாலு பேர் தின்றார்கள். வழியில் ஊற்று இருந்தது, ஆனால் குலசேகரனின் வாளி ததும்பாமல் பார்த்துக்கொள்ள நாலு பேரின் கையும் தேவைப்பட்டதால் யாரும் குனிந்து குடிக்க முடியவில்லை. வாளித் தண்ணீரைக் குடிக்கலாமா என்று ஒருமுறை பேச்சு வந்தது. அது குளிக்கிற தண்ணீர் என்று குலசேகரன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

புதன் மதியம் உச்சி. அம்பலவாணன் விசிறியைப் பாறைமேல் வைத்து, அதன் எதிரே உட்கார்ந்து, சட்டைப் பித்தானைத் திறந்துவிட்டுக்கொண்டார். சாத்தப்பன் பில்டரை முகர்ந்து பார்த்து, "ஏ ஒன்" என்றான். திருமேனி கான்வாஸ் ஷூவைக் கழற்றிவிட்டு, வலது காலில் புதுச் செருப்பை மாட்டினான். ஆகா என்றிருந்தது. இடது கால் வெயில் காய்ந்த பாறையில் பட்டது. ஐயோ என்றிருந்தது. ஆகா, ஐயோ, ஆகா, ஐயோ என்று நாலு அடி நடந்தான். ஐந்தாவது அடியில் உருண்டான். இடது கணுக்கால் பூசணிக்காய் போல வீங்கிவிட்டது.

வியாழக்கிழமை காலையிலும் அவனால் எழுந்து நிற்க முடியவில்லை. ஒன்பது மணி முகூர்த்தமும் செம்மலரின் குரலும் அவன் நெஞ்சில் மாறி மாறி இடித்தன. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள் என்று கெஞ்சினான். அவர்களும் கை வைத்தார்கள். அப்போதுதான் சாத்தப்பன் கண்ணில் உச்சியில் நட்டிருந்த பலகை பட்டது. எழுத்தைக் கண்டால் நின்று படிப்பது அந்த அலுவலகத்துப் பழக்கம்.

'காலடித் தடத்தைத் தவிர வேறு எதையும் மலையில் விட்டுச் செல்லாதீர். புகைப்படத்தைத் தவிர வேறு எதையும் மலையிலிருந்து எடுத்துச் செல்லாதீர்.' கீழே சின்ன எழுத்தில், 'குப்பையைக் கண்டிப்பாகக் கீழே கொண்டு செல்லவும்.'

மூவரும் திருமேனியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"நடந்து போனா நாம போறோம். தூக்கிட்டுப் போனா எடுத்துட்டுப் போறோம்" என்றார் அம்பலவாணன். "எடுக்கக் கூடாது தம்பி. நீ புகைப்படம் இல்லை."

"அப்ப என்னை விட்டுட்டுப் போங்க, நான் தவழ்ந்தாவது வர்றேன்."

"விடவும் கூடாதே. நீ காலடித் தடமும் இல்லை."

திருமேனிக்கு அழுகை வந்தது. ஆனால் தப்புச் சொல்ல இடமில்லாமல் இருந்தது. விசிறிக்கும் பில்டருக்கும் வாளிக்கும் ஒற்றைச் செருப்புக்கும் இதே கதிதான். மூன்றாவது வரி தங்களுக்குப் பொருந்தாது என்று தள்ளிவிட்டார்கள். அவர்கள் கொண்டுவந்ததில் குப்பை எதுவும் இல்லை, எல்லாம் ஆடம்பரம்.

கடைசியில் அம்பலவாணன்தான் வழி கண்டுபிடித்தார். குலசேகரன் காவலுக்கு இருந்தால், விட்டுவிட்டுப் போனதாக ஆகாது. புகைப்படம் எடுத்துப் போக அனுமதி இருக்கிறது. ஆகவே மாப்பிள்ளையைப் படம் பிடித்து, படத்தைக் கல்யாணத்துக்குக் கொண்டுபோவது. போனைக் கொண்டுபோகலாமா என்ற கேள்விக்கு, அது படம் வைக்கிற பாத்திரம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். உடுத்தியிருந்த வேட்டி சட்டையைக் கொண்டுபோகலாமா என்ற விவாதம் ஒரு மணி நேரம் நடந்தது. அதன் முடிவை மரியாதை கருதி இங்கே எழுதவில்லை. அவர்கள் இறங்கி வந்த கோலத்தை அடிவாரத்து டீக்கடைக்காரர் இன்றுவரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அன்று மதியம், கடுக்காய் பொறுக்க வந்த மாதி என்கிற பெண் உச்சியில் இரண்டு ஆண்களைக் கண்டாள். ஒருவன் காலை நீட்டிக்கொண்டு அழுதான். இன்னொருவன் வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விஷயத்தைக் கேட்டவள், "வாய்யா, நான் தூக்கிட்டுப் போறேன்" என்று கையை நீட்டினாள்.

திருமேனி பலகையைக் காட்டினான்.

"இந்தப் பலகையை இங்க தூக்கிட்டு வந்து நட்டதே நானும் எங்க வீட்டுக்காரரும்தான். அது குப்பை போடுறவங்களுக்கு எழுதினது. நீ என்ன குப்பையா?"

அவள் கோபத்தில் கேட்டாள். இவர்கள் சட்டமாக எடுத்துக்கொண்டார்கள். திருமேனி குப்பை என்று நிரூபணமானால், கண்டிப்பாகக் கீழே கொண்டுபோக வேண்டும். மூன்றாவது வரி தெளிவாகச் சொல்கிறது. குலசேகரன் விசாரணையைத் தொடங்கினான். இவனால் யாருக்காவது உபயோகம் உண்டா? வீட்டில் ஒரு வேலை செய்ததுண்டா? ஏழு வீட்டார் வேண்டாமென்று தூக்கிப் போட்டார்களா இல்லையா? ஒவ்வொன்றுக்கும் திருமேனி உண்மையான பதிலைச் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் முகம் மலர்ந்தது. "குப்பைதான்" என்று குலசேகரன் முடித்தபோது, அவன் மாதியைப் பார்த்துக் கைகூப்பினான்.

மாதி அவனைக் கடுக்காய்ச் சாக்கு மாதிரி முதுகில் போட்டுக்கொண்டு இறங்கினாள். குலசேகரன் விசிறிக்கும் பில்டருக்கும் காவலாக அங்கேயே தங்கிவிட்டான். அவனைத் தேடிப் போக அவன் மனைவிக்கு இதுவரை நேரம் கிடைக்கவில்லை.

இதற்குள் அம்பலவாணனும் சாத்தப்பனும், டீக்கடைக்காரர் இரக்கப்பட்டுக் கொடுத்த இரண்டு பழைய துண்டுகளோடு, ஊமத்தூர் ஸ்டுடியோவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். படத்தைப் பெரிசாக்கி, கண்ணாடி போட்டு, விடிவதற்குள் வேண்டும் என்றார்கள். ஸ்டுடியோக்காரர் இரண்டு பேரின் முகத்தையும் துண்டையும் பார்த்தார். படத்திலிருந்தவனின் அழுத முகத்தையும் பார்த்தார். அவசரமாகச் சட்டம் போடும் படங்கள் எதற்கென்று அவருக்குத் தெரியும். ஒன்றும் கேட்காமல், சந்தன மாலை ஒன்றை மாட்டி, மேலே சிவப்புக் குண்டு பல்பையும் பொருத்திக் கொடுத்தார். மாப்பிள்ளைக்கு மாலை போட்டுக் கொடுத்தாரே என்று இவர்கள் கண் கலங்கி நன்றி சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குப் படம் மணமேடை நாற்காலியில் ஏறியது. பல்பு எரிந்தது. முதலில் நாதஸ்வரம் நின்றது. பிறகு மாப்பிள்ளையின் அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டாள். என்ன ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை. கண்ணாடிச் சட்டமும் சந்தன மாலையும் இருக்கும்போது கேட்க என்ன இருக்கிறது.

திருமேனி எட்டரைக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது நொண்டிக்கொண்டு உள்ளே நுழைந்தான். நேரத்துக்கு வந்துவிட்டோம் என்ற சந்தோஷம் முகத்தில் வழிந்தது. ஆனால் மண்டபமே அழுதுகொண்டிருந்தது. மேடையில் தன் படத்தைப் பார்த்தான். மாலையைப் பார்த்தான். கடைசி வரிசையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தவரிடம் மெல்லக் கேட்டான்.

"எப்ப நடந்துச்சுங்க?"

"நேத்து. மலை மேலயாம்."

யோசித்துப் பார்த்தான். கால் மரத்துப் போனது உண்மை. இன்னொருவர் தூக்கிக்கொண்டு இறங்கியதும் உண்மை. எல்லாம் பொருந்தி வந்தது. சாகிற வயசா என்று நினைத்ததும் தாங்கவில்லை. வரிசையில் போய் நின்று, தன் முறை வந்ததும் படத்துக்குப் பூப்போட்டுவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான்.

செம்மலர்தான் முதலில் அவனை அடையாளம் கண்டாள். எழுந்து வந்து நேராக நின்றாள்.

"நீங்க உயிரோடதானே இருக்கீங்க?"

அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தாலி கட்டிவிடலாம். திருமேனி அம்பலவாணனைப் பார்த்தான். அம்பலவாணன் படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"படம் எட்டு மணிக்கே வந்தாச்சு, நீ எட்டரைக்குத்தான் வந்திருக்கே. முதல்ல வந்ததுதான் மூலம். பின்னால வந்தது நகல். நகல் மூலத்துக்கு மாறா இருக்கலாமா தம்பி?"

இருக்கக் கூடாது. பத்து வருஷ உத்தியோகத்தில் அவனுக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான்.

"யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள் செம்மலர். அவள் கழுத்து மாலையை ஏற்கெனவே பாதி கழற்றியிருந்தாள்.

"இல்லீங்க" என்றான் திருமேனி, தலையைக் குனிந்தபடி. "பெரியவங்க இவ்வளவு பேர் அழுதிருக்காங்க."

மற்றது சுலபமாக முடிந்தது. அலுவலகத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டுமே என்று சாத்தப்பன் காகிதம் எடுத்தான். திருமேனியே தன் கையால் எழுதினான்: 'என்னுடைய மரணத்தை முன்னிட்டு மூன்று நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நான்காம் நாள் தவறாமல் பணிக்கு வருவேன்.' சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டும் என்றார்கள். சொந்தக்காரர்கள் யாருக்கும் அழுகையில் கை ஓடவில்லை. செம்மலர் வாங்கி, முழுவதும் படித்துப் பார்த்து, அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டு, தேதியும் எழுதிக் கொடுத்தாள். பிறகு மாலையை நாற்காலியில் வைத்துவிட்டு, பத்தரை மணி வகுப்புக்குப் பஸ் பிடிக்கப் போனாள்.

அவள் போவதையே திருமேனி பார்த்துக்கொண்டிருந்தான். என்ன பொறுப்பு, என்ன கையெழுத்து.

"தங்கமான பொண்ணு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பாவம், செத்துப்போனவனுக்குக் கொடுத்து வைக்கலை."