நன்றியுரையில் ஒரு பெயர்

பேராசிரியர் கோமளவல்லியின் ஆய்வுக்கூடத்தில் பாராட்டு அரிது. புற ஊதா விளக்கின் கீழ் அந்த மென்படலம் செம்மஞ்சளாய் ஒளிர்ந்தபோது அவர் "நன்று" என்றார். அந்த ஒரு சொல்லை மாணவன் அறிவுடைநம்பி பட்டயம்போல் ஏந்தித் திரிந்தான்.

படலத்தில் இரண்டு பொருள்கள் கலந்திருந்தன. ஒளிரும் கரிமச் சாயம் நம்பி ஆக்கியது. அதைத் தாங்கும் சிலிக்காக் கண்ணாடி, உடன் ஆய்வுசெய்யும் மெய்யம்மை ஆக்கியது.

மறுநாள் காலை நம்பி அந்தப் படலம் பற்றிய ஆய்வுக்கட்டுரையைக் கையொப்பத்துக்கு நீட்டினான்.

கோமளவல்லி, ஆசிரியர் பெயர்கள் இருந்த முதல் பக்கத்தைப் பார்த்தார். "மெய்யம்மை பெயர் எங்கே?"

"கடைசிப் பக்கத்தில், மேடம். நன்றியுரையில்."

நன்றியுரையில் வரும் பெயரை முனைவர் பட்டத்துக்கு யாரும் கணக்கில் கொள்வதில்லை. மெய்யம்மையிடம் வேறு கட்டுரையும் இல்லை.

"ஏன் அங்கே?"

"ஒளிர்வது என் சாயம். அவள் கண்ணாடி ஒரு பொட்டு ஒளிகூடத் தராது. சும்மா இருக்கிறது."

குடுவை கழுவிக்கொண்டிருந்த மெய்யம்மை திரும்பினாள்.

"சும்மா இருப்பதற்கு எதற்கு நன்றி? என் பெயரை எடுத்துவிடு, நம்பி. கண்ணாடியையும் எடுத்துவிடு."

"எடுத்தால் இன்னும் பளிச்சென்று இருக்கும். முழுக்க முழுக்கச் சாயம்."

"அப்படியே செய்து கொண்டு வா," என்றார் கோமளவல்லி. "பிறகு கையொப்பம்."

மாலையில் அவன் புதிய படலத்தை விளக்கின் கீழ் வைத்தான். அது காய்ந்த செம்மண்போல் மங்கிக் கிடந்தது.

"சாயம் போதவில்லையோ, ஐயாவுக்கு?" என்றாள் மெய்யம்மை.

"இரு மடங்கு சேர்த்தும் பார்த்துவிட்டேன். இன்னும் இருண்டது."

"காரணம்?" என்றார் கோமளவல்லி.

நம்பி தலையைத் தாழ்த்தாமலே சொன்னான். "மூலக்கூறுகள் நெருங்கிவிட்டன, மேடம். ஒன்றின் ஒளியை அடுத்தது அணைத்துவிடுகிறது. கண்ணாடி இருந்தபோது அவை விலகி நின்றன."

"விடை சரி."

அவன் மெய்யம்மையின் பக்கம் திரும்பினான். "கொஞ்சம் சிலிக்காக் கரைசல் வேண்டும்."

அவள் ஒரு குடுவையை எடுத்துக் கழுவத் தொடங்கினாள்.

கோமளவல்லி, கையொப்பமிடாத கட்டுரையைக் கடைசிப் பக்கம் மேலே தெரியும்படி திருப்பி, அவன் பக்கம் தள்ளினார்.

"அவளை ஏன் கேட்கிறாய்? உன்னிடம் நன்றியுரை இருக்கிறதே. அதைக் கரைத்துப் பூசு."