இடது காதுக்கு ஆலோசனை கிடையாது

அரைவேக்காட்டூர் மேல்நிலைப் பள்ளியில் அறிவுக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் செலவழிக்காததால் அப்படியே இருந்தது. அங்கே, மேற்கொண்டு என்ன படிக்கலாம் என்று பிள்ளைகளுக்கு வழிகாட்டும் ஆசிரியர் அருணகிரி. நல்ல மனுஷர். மூன்று வருஷமாக அவரிடம் ஒருவரும் வழி கேட்டு வந்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பூங்கனி வந்து நின்றாள். கையில் இரண்டு விண்ணப்பம், ஒரே ஒரு மாற்றுச் சான்றிதழ்.

"சார், நர்ஸிங்குக்குப் போடவா, பாலிடெக்னிக்குக்குப் போடவா? ரெண்டுக்கும் வெள்ளிக்கிழமைதான் கடைசி. அசல் சான்றிதழ் ஒண்ணுதானே இருக்கு?"

அருணகிரிக்குப் பதில் நாக்கு நுனியில் நின்றது. விளையாட்டு வாத்தியார் கருத்தப்பாண்டி விழுந்து முழங்கால் கிழிந்த அன்று, பள்ளிக்கூடமே ரத்தத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ள, கழுவிக் கட்டுப் போட்டவள் இவள்தான்.

"நர்ஸ்..." என்று வாயைத் திறந்தார்.

"நிறுத்தும் ஓய்!" என்று ஓடி வந்தார் தலைமை ஆசிரியர் தில்லைநாயகம். கையில் மேலிடத்துச் சுற்றறிக்கை. ஆலோசனையால் பலன் உண்டா என்று எண்ணில் காட்ட வேண்டுமாம். மாணவரின் குழப்பம் பத்துக்கு எத்தனை என்று முன்பும் பின்பும் குறிக்க வேண்டும். பாதிப் பேருக்கு ஆலோசனை சொல்லி, பாதிப் பேருக்குச் சொல்லாமல் விட்டு, ஒப்பிட வேண்டும்.

"வந்திருக்கறது ஒருத்திதானே சார்? இதுல பாதிக்கு எங்கே போறது?" என்றார் அருணகிரி.

தலைமை ஆசிரியர் பின்னாலேயே வந்திருந்த கருத்தப்பாண்டி வெகுநேரம் யோசித்தார். "கடவுள் எதுக்கு சார் ரெண்டு காது வச்சான்?"

பூங்கனியின் இடது காதில் பஞ்சு அடைத்தார்கள். வலது காது ஆலோசனை பெறும் பிரிவு. இடது காது பெறாத பிரிவு.

"குழப்பம் எத்தனைம்மா?"

"அஞ்சு இருக்கும் சார்."

"எந்தக் காதுக்கு?"

"இப்ப ஏழு சார்."

"எண்ணு ஏறுது. நிலைச்சு நிக்கட்டும், அப்புறம் ஆலோசனை சொல்லும்" என்றார் தில்லைநாயகம்.

எண் எங்கே நின்றது? செவ்வாய்க்கிழமை எட்டு. புதன்கிழமை ஒன்பது. வியாழக்கிழமை பத்து. தில்லைநாயகத்துக்குத் தலைகால் புரியவில்லை. "உச்சியிலேருந்து இறக்கினாத்தான் ஓய், பலன் பெருசாத் தெரியும்!"

"நாளைக்கு அந்தப் புள்ளைக்குக் கடைசி நாளு சார்" என்றார் அருணகிரி. பாவம், அவருக்கு மனசு கேட்கவில்லை.

"நம்ம அறிக்கைக்குத் திங்கட்கிழமைதானே கடைசி? ஏன் பதறுறீரு?"

வெள்ளிக்கிழமை பூங்கனி வரவில்லை. இரண்டு பிரிவும் ஒரே நாளில் ஆப்சென்ட் என்று கருத்தப்பாண்டி கவலையோடு குறித்துக்கொண்டார். சாயங்காலம் அவள் சிரித்த முகமாக வந்தாள்.

"நர்ஸிங்குக்குக் குடுத்துட்டேன் சார்! பஸ்ல கண்டக்டர் அண்ணன்கிட்ட கேட்டேன். 'ரத்தத்தைப் பாத்தா பயமா?'ன்னாரு. இல்லேன்னேன். 'அப்புறம் என்ன யோசனை'ன்னு டிக்கெட்டைக் கிழிச்சுக் கையில குடுத்துட்டாரு."

அருணகிரிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. தில்லைநாயகம் கலங்குகிற ஆளா?

"எந்தக் காதுல சொன்னாரு?"

"இடது பக்கம் நின்னாரு சார். பஞ்சை எடுத்துட்டுத்தான் கேட்டேன்."

"இப்ப குழப்பம்?"

"பூஜ்யம்."

அறிக்கை அன்றே போயிற்று. ஆலோசனைப் பிரிவான வலது காதில் குழப்பம் ஐந்திலிருந்து பத்து. பஞ்சு வைத்த இடது காதில் பூஜ்யம்.

மேலிடமும் லேசுப்பட்டதில்லை. பத்தாம் நாள் பாராட்டுக் கடிதமும் ஒரு மூட்டைப் பஞ்சும் வந்து இறங்கின. இனி எல்லா மாணவருக்கும் இரண்டு காதிலும் பஞ்சு வைக்க வேண்டும். ஆலோசனையும் தவறாமல் தொடர வேண்டும்.

மறுநாள் முந்நூறு பிள்ளைகளும் பஞ்சு வைத்த காதோடு மைதானத்தில் உட்கார்ந்தார்கள். மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த ஆலோசனை முழுவதையும் அருணகிரி தொண்டை கட்டும்வரை சொல்லி முடித்தார். பிறகு, "யாருக்காவது குழப்பம் இருக்கா?" என்று கேட்டார்.

ஒரு பிள்ளைகூட வாயைத் திறக்கவில்லை. அருணகிரி மனம் குளிர்ந்து, முந்நூறு பேருக்கும் பூஜ்யம் போட்டார்.