மகுடபதியின் மீசையும் ரைபோசோமும்

பள்ளி அறிவியல் கண்காட்சிக்குத் தலைமை தாங்க வந்த மில் முதலாளி மகுடபதி, அடர்ந்த மீசையை நீவிக்கொண்டே ஒவ்வொரு மாணவரையும் மட்டம் தட்டிக்கொண்டு வந்தார்.

ஒன்பதாம் வகுப்பு செங்கமலம் ஒரு பாசிமணி மாலையை நீட்டினாள். "ஐயா, நம்ம செல்லுக்குள்ள ரைபோசோம்னு ஒண்ணு இருக்குங்க. அதுதான் அமினோ அமிலங்களை இப்படி மணி மணியாக் கோத்துப் புரதம் செய்யுது."

"எங்கே, அதைக் காட்டு."

"பள்ளிக்கூட நுண்ணோக்கியிலகூடத் தெரியாதுங்க ஐயா."

"தெரியாததுக்கு எதுக்குக் கண்காட்சி? கண்ணுல காட்டு, இல்லே கடையைக் கட்டு!"

செங்கமலத்துக்கு அழுகை முட்டியது. பார்வை அவர் மீசையில் விழுந்ததும் முகம் மலர்ந்தது.

"அது செஞ்ச சரக்கைக் காட்டுறேங்க ஐயா. முடி பெரும்பாலும் புரதம்தான். உங்க மீசை வேர்ல இப்பவும் ரைபோசோம் வேலை செஞ்சுக்கிட்டிருக்கும். ஒரே ஒரு முடியை வேரோட பிடுங்கிக் குடுங்க."

மகுடபதி பதறிப்போய் இரண்டு கைகளாலும் மீசையைப் பொத்தினார். பொத்திய வேகத்தில் மீசை முழுசாகக் கையோடு வந்துவிட்டது.

செங்கமலம் எட்டிப் பார்த்தாள்.

"இதுல ரைபோசோம் வேலை செய்யலைங்க ஐயா," என்றாள் செங்கமலம் மெதுவாக.

மகுடபதி கையிலிருந்த மீசையைப் பார்த்தார். அவருக்கே சிரிப்பு பீறிட்டது.

"அது ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா நான் ஏம்மா இதைக் கடையில வாங்குறேன்? முதல் பரிசு உனக்குத்தான்!"