வாசல் நாற்காலி

மலையடிவாரத்து மடத்தில் ஒரு ஆபீஸ் உண்டு. மடத்துக்கு எதுக்கு ஆபீஸ் என்று கேட்கலாம். குருவுக்குப் பல ஊர்களில் இருந்து கடிதம் வரும். மகன் பேசவில்லை, மருமகள் பேசுகிறாள், தூக்கம் வரவில்லை என்று மனசில் கிடப்பதையெல்லாம் எழுதியிருப்பார்கள். பதிலைக் கம்ப்யூட்டரில் அடித்து அனுப்ப வேண்டும். போனும் அடித்துக்கொண்டே இருக்கும்.

குருவின் பெயர் வடிவம்மை. வயசு அதிகம் இல்லை. அவரிடம் பாடம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள்.

ஆவுடையம்மாளும் மூத்தவள்தான். தாலுகா ஆபீஸில் டைப் அடித்து ரிடையர் ஆனவள். புருஷன் போன பிறகு மடத்தோடு வந்து சேர்ந்தாள். வந்த நாளில் இருந்து ஆபீஸ் அவள் கையில்தான்.

ஆபீஸில் இரண்டு மேசை. ஒன்று வாசலைப் பார்த்து, ஒன்று ஜன்னலோரம். வடிவம்மை தினமும் ஒரு தடவை ஆபீஸுக்கு வருவார். எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. வந்ததும் வாசல் மேசையில் இருப்பவர் எழுந்து, ஒரு கடிதத்தை வாசிக்க வேண்டும். குரு நின்றபடி கேட்பார், பதில் சொல்வார். மற்றக் கடிதங்களுக்கெல்லாம் சாயங்காலம் பதில் சொல்லி அனுப்பிவிடுவார். அந்த ஒரு கடிதத்துக்கு மட்டும்தான் குருவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்து நிற்கலாம். வாசல் மேசையில் ஆள் இல்லை என்றால் ஜன்னல் மேசைக்காரர் வாசிப்பார். அதுதான் மடத்து வழக்கம்.

ஜன்னல் மேசை ரொம்ப நாள் காலியாகவே இருந்தது. பிறகு பேச்சி வந்தாள்.

பேச்சி சின்னப் பெண். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு இடத்தில் இருக்க மாட்டாள். கொஞ்ச நேரம் அடிப்பாள், எழுந்து போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடிப்பாள். வந்து கொஞ்ச நேரம் அடிப்பாள், கண்ணை மூடிக்கொள்வாள். மணிக்கட்டை இப்படியும் அப்படியும் சுற்றுவாள். நாற்காலி உயரம் என்று ஒரு செங்கலைத் துணியில் சுற்றிக் காலுக்கடியில் போட்டுக்கொண்டாள். நடைபாதையில் கிடந்த கம்ப்யூட்டர் வயரைச் சுவரோரமாக இழுத்துக் கட்டினாள். எல்லாம் போக, வெளியே போய் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஆவுடையம்மாளுக்கு அது பொறுக்கவில்லை.

“மரம் இன்னும் அங்கேதான் நிக்குதா?” என்று ஒரு நாள் கேட்டாள்.

“நிக்குக்கா. உங்களைத்தான் விசாரிச்சுது” என்றாள் பேச்சி.

வாசல்படியில் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த சமையல்கார சண்முகத்தாய் சிரித்துவிட்டாள். ஆவுடையம்மாள் திரும்பிக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டாள்.

அன்றைக்கு வடிவம்மை வந்தார். ஆவுடையம்மாள் எழுந்து கடிதம் வாசித்தாள். பதில் சொல்லிவிட்டு வெளியே போன குரு, வேப்பமரத்தடியில் பேச்சியைப் பார்த்தார்.

“ஏட்டி, இங்க என்ன செய்யுத?”

பேச்சி என்னவோ சொன்னாள். குரு வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு பேரும் ரொம்ப நேரம் அங்கேயே நின்று பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று ஆபீஸுக்குள் கேட்கவில்லை. சிரிப்பு மட்டும் கேட்டது.

ஏட்டி. வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிற அந்த ஒரு சொல் ஆவுடையம்மாளின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. தன்னை ஒரு நாளும் குரு அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆவுடையக்கா என்பார். வாங்க போங்க என்பார். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி.

அதில் இருந்து அவள் வாசல் நாற்காலியை விட்டு அசைவதில்லை என்று ஆக்கிக்கொண்டாள். எழுந்து போன நேரத்தில் குரு வந்துவிட்டால் பேச்சி வாசித்துவிடுவாள். இருக்கிற சிரிப்பு போதாதென்று கடிதமும் அவளுக்குப் போய்விடும்.

கழிப்பறை தோட்டத்துக்கு அந்தப் பக்கம். போய் வர நேரமாகும். அதனால் தண்ணீரைக் குறைத்தாள். காலையில் ஒரு வாய், மதியச் சோற்றோடு ஒரு வாய். சோற்றையும் மேசைக்கே கொண்டுவரச் சொன்னாள். அப்படியும் வந்தால் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கழுத்து இறுகியது. கட்டைவிரல் மரத்துப்போனது. கண் எரிந்தது. பாதம் வீங்கி, சாயங்காலம் செருப்பு நுழையாது.

சண்முகத்தாய் தைலம் தேய்த்துவிடுகிறேன் என்று வந்தாள். குரு வந்துவிடுவார், தைல வாடை அடிக்கும் என்று சொல்லி மறுத்துவிட்டாள்.

பேச்சி ஒரு நாள் தயங்கித் தயங்கி, அக்கா உங்களுக்கும் ஒரு செங்கல் சுத்தித் தரட்டுமா என்று கேட்டாள்.

“நீயே ராணி மாதிரி ஏறி இரு தாயி. எனக்குத் தரையே போதும்” என்றாள் ஆவுடையம்மாள். ஆனால் அவள் கால் தரையைத் தொடவே இல்லை.

பேச்சி எழுந்தால் அவள் எங்கே போகிறாள் என்று பார்ப்பாள். உட்கார்ந்தால் எப்போது எழுவாள் என்று பார்ப்பாள். இதற்கு நடுவில் டைப் அடித்ததில் தப்புகள் விழுந்தன. தாலுகா ஆபீஸில் தப்பே அடிக்காதவள் என்று பெயர் வாங்கினவள் அவள்.

நீர் போகையில் எரிச்சல் கண்டது. யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீரை இன்னும் குறைத்தாள்.

ஒரு நாள் காலையில் இருந்தே உடம்பு குளிர்ந்து நடுங்கியது. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் இருந்தாள். மத்தியானம் வடிவம்மை வந்தார். ஆவுடையம்மாள் கடிதத்தோடு எழுந்தாள். கால் இரண்டும் மரத்துக் கிடந்தது அவளுக்குத் தெரியவில்லை. ஒரு அடி வைத்தாள், மேசை விளிம்பில் நெற்றி இடிக்க விழுந்தாள்.

பேச்சி ஓடிவந்து தாங்கினாள். அவள் கை பட்டதும் ஆவுடையம்மாள் உதற நினைத்தாள். கையில் பலம் இல்லை.

சண்முகத்தாய்தான் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டுத் திட்டினாள். தண்ணீரும் குடிப்பதில்லை, வருவதையும் அடக்குகிறீர்கள், கிருமி ஏறியிருக்கிறது, இப்படியே போனால் கிட்னி கெட்டுவிடும், அப்புறம் என்னிடம் வந்து அழக் கூடாது என்றாள். நெற்றியில் தையல் போட்டாள். கையில் ஊசி குத்தி குளுக்கோஸ் ஏற்றினாள்.

ஆவுடையம்மாள் கண்ணைத் திறந்ததும் சண்முகத்தாயிடம் கேட்டாள்.

“இன்னைக்குக் கடிதம் யார் வாசிச்சா?”

சண்முகத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள்.

உடம்பு தேறி மடத்துக்குத் திரும்பியபோது வாசல் நாற்காலியில் பேச்சி இருந்தாள். ஆவுடையம்மாளைப் பார்த்ததும் எழுந்து, வாங்கக்கா, இருங்கக்கா என்றாள். நாற்காலிக்குக் கீழே துணி சுற்றிய செங்கல் கிடந்தது. ஆவுடையம்மாள் உட்காரவில்லை. நேராகக் குருவின் அறைக்குப் போனாள்.

“அம்மா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்கக்கா.”

“இடத்தை விட்டு அசையாம இருந்தவ நான். அவ மரத்தைப் பார்த்துக்கிட்டு நின்னவ. அவளுக்கு ஏட்டி. எனக்கு அக்கா. நான் என்னத்துல குறைஞ்சு போனேன்?”

“உங்களுக்கு என்னைவிட வயசு கூட. வேற எப்படிக் கூப்பிட?”

“இது பதில் இல்லம்மா.”

“இல்லதான்” என்றார் வடிவம்மை.

மறுநாள் காலையில் ஆபீஸைத் திறக்கும்போதே குரு வந்துவிட்டார். வாசல் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். இன்னைக்கு இது என் இடம், நீங்க என் அறையில் இருங்க, எப்போ தோணுதோ அப்போ வாங்க, நான் எழுந்து கடிதம் வாசிக்கிறேன் என்று ஆவுடையம்மாளிடம் சொன்னார்.

ஆவுடையம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் குருவே தன் நாற்காலியில் உட்கார்ந்தது உள்ளுக்குள் இனித்தது. பேச்சி பார்க்கட்டும் என்று நினைத்தாள்.

குருவின் அறை ஜன்னலில் இருந்து ஆபீஸ் தெரியும். அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. தான் இங்கே இருக்கிறோம். பேச்சி அங்கே குருவோடு ஒரே அறையில், காலையில் இருந்து. இனித்தது அத்தனையும் கசந்துபோனது.

உடனே கிளம்பிப் போனாள். வடிவம்மை எழுந்து நின்று கடிதம் வாசித்தார். என்ன பதில் சொல்வது என்று ஆவுடையம்மாளுக்கு ஓடவில்லை. நல்லபடியா இருக்கச் சொல்லுங்க என்றாள். சரிங்க என்று சொல்லிவிட்டுக் குரு மறுபடி உட்கார்ந்து அதை அடித்தார்.

“அம்மா, முடிஞ்சுதே. எந்திரிங்க.”

“எந்திரிச்சா பேச்சி உட்கார்ந்திருவாளே” என்றார் வடிவம்மை.

ஜன்னல் மேசையில் பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள். ஆவுடையம்மாளுக்கு முகம் சுண்டிப்போனது. இதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

வெயில் ஏறியது. சாப்பாட்டு மணி அடித்தது. குரு எழவில்லை. சண்முகத்தாய் மோர் கொண்டுவந்து கெஞ்சினாள். வேண்டாம் என்றார். போன் வந்தது, பேசினார். கடிதம் பிரித்தார், அடித்தார். கழுத்தைத் திருப்பவில்லை. அவருக்கும் கால் தரையைத் தொடவில்லை. செங்கலை அவரே ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார்.

ஆவுடையம்மாள் வாசலில் வந்து நின்றாள், போனாள், மறுபடி வந்து நின்றாள். குருவின் உதடு உலர்ந்து வெளுத்திருந்தது. பாதம் லேசாக வீங்கத் தொடங்கியிருந்தது. தன் பாதத்தை அவள் ஒரு நாளும் இப்படிப் பார்த்ததில்லை. டாக்டரம்மா சொன்னது காதில் கேட்டது.

பானையடிக்கு ஓடிப்போய் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வந்தாள். வந்து பார்த்தால், பேச்சியும் ஒரு டம்ளரோடு குருவின் முன்னால் நிற்கிறாள்.

இரண்டு பேரும் நீட்டினார்கள்.

அந்த நேரத்திலும் ஆவுடையம்மாளின் கண் குருவின் கையைத்தான் பார்த்தது. யாருடையதை வாங்கப் போகிறார் என்று.

குரு ஆவுடையம்மாளின் டம்ளரை வாங்கினார். பேச்சியைப் பார்த்து, ஏட்டி, நீ அதைக் குடிச்சிட்டு மரத்தடிக்குப் போ என்றார். பேச்சி குடித்துவிட்டுப் போனாள்.

ஆவுடையம்மாளுக்கு ஒரு நொடி முகம் மலர்ந்தது. ஆனால் வடிவம்மை குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்தபடியே இருந்தார்.

“குடிங்கம்மா.”

“குடிக்கேன். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. பேச்சிகிட்ட எதெதுக்கெல்லாம் பொறாமைப்பட்டீங்க?”

ஆவுடையம்மாள் தரையைப் பார்த்தாள். அப்படியெல்லாம் இல்லை என்று தொடங்கினாள். குரு காத்திருந்தார். வெளுத்த அந்த உதட்டைப் பார்த்ததும் அவளுக்குப் பொய் வரவில்லை.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஏட்டி என்ற சொல்லுக்குப் பொறாமைப்பட்டதைச் சொன்னாள். மரத்தடிச் சிரிப்புக்குப் பட்டதைச் சொன்னாள். பேச்சியின் வயசுக்கு. அவள் விரல் மரத்துப்போகாமல் ஓடுவதற்கு. அந்தச் செங்கலுக்குக்கூட. தான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில் அவள் வாசித்த கடிதங்களுக்கு. விழுந்தபோது தாங்கினாளே, அப்போது எல்லாரும் அவளை நல்ல பிள்ளை என்று சொல்லியிருப்பார்களே, அதற்கும். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. மூக்கைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

வடிவம்மை முழுக்கக் கேட்டார்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதாம்மா.”

வடிவம்மை மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். டம்ளரை ஆவுடையம்மாளின் கையிலேயே திரும்ப வைத்தார்.

“இத்தனைக்கும் பொறாமைப்பட்டீங்களேக்கா. அவ குடிச்ச தண்ணிக்கும் கொஞ்சம் பட்டிருக்கலாம்லா.”