முயல் கேட்ட வாசல்

ஏரிக்கரைக் காட்டில் மாசிலாமணி என்று ஒரு பெருச்சாளி இருந்தது. வளை தோண்டுவதில் அதை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. ஒரே ஒரு குறை. யார் எதைக் கேட்டாலும் "முடியாது" என்று சொல்ல அதற்கு வாய் வராது!

வேலை சொல்ல வருகிறவர்கள் அதன் வாசலில் ஒரு கூழாங்கல்லை வைப்பார்கள். கல் வைத்துவிட்டால் வேலை நடந்தாக வேண்டும். அது அந்தக் காட்டு வழக்கம்.

ஒருநாள் செவந்தி முயல் மூச்சிரைக்க ஓடிவந்து ஒரு வெள்ளைக் கல்லை வைத்தது.

"மாசிலாமணி அண்ணே! நாலு குட்டி போட்டிருக்கேன். புதருக்குள்ளதான் கிடக்குதுங்க. நரி மோப்பம் பிடிச்சிட்டான்! காதை மடக்கிக்கிட்டு நான் மட்டும் நுழையற மாதிரி ஒரு வளை வேணும். நரி தலைகூட உள்ளே வரக் கூடாது!"

"அட, இதென்ன பெரிய வேலை! மூணே நாள்ல முடிச்சுத் தரேன் தங்கச்சி!"

சொன்னபடி முதல் நாளே முயலை நிற்க வைத்து அகலம் பார்த்து, ஒரு சுரங்கத்தைத் தோண்டியது. அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. எங்கே விட்டது?

மறுநாள் முள்ளம்பன்றி வந்தது. "குட்டிகளுக்குப் பேர் வைக்கிற அன்னிக்கு விருந்து உண்டுல்ல? இந்தப் பொந்துல நுழைஞ்சா என் முள்ளெல்லாம் என்னத்துக்கு ஆகும்? வாசலை அகலமா வை!" என்று ஒரு கல்லை வைத்தது.

"வச்சிட்டாப் போச்சு!" என்றது மாசிலாமணி.

அடுத்து மயில் வந்தது. "என் தோகை கசங்கக் கூடாது. நடுவுல பெரிய கூடம் வேணும்!" இன்னொரு கல்.

"அதுக்கென்ன, செஞ்சிடலாம்!"

குரங்குக்கு மட்டும் ஆசை இருக்காதா? "காத்தோட்டம் வேண்டாமா? மேலே ஒரு சன்னல் வை!" அதற்கும் ஒரு கல்.

வெள்ளைக் கல் அடியில் போய் மறைந்தே விட்டது. முதலில் தோண்டிய சுரங்கம் பின்பக்கம் மண் தள்ளும் வழியாகிப் போனது. மூன்று நாள் ஐந்தாகி, ஐந்து பத்தானது. செவந்தி தினமும் வந்து நின்றது.

"அண்ணே, முடிஞ்சுதா? நேத்து நரி புதருக்குப் பத்தடியில நின்னான். எனக்குப் பயமா இருக்கு!"

"இன்னும் ஒரே நாள்! அரண்மனை மாதிரி வருது பாரு!"

பதினோராம் நாள் காலை. மாசிலாமணி கூடத்தின் நடுவே நின்று தன் வேலையை ரசித்துக்கொண்டிருந்தது. வாசலில் நிழல் விழுந்தது.

"வா தங்கச்சி, வா! எப்படி இருக்கு?"

"பிரமாதம்!" என்றது ஒரு கரகரத்த குரல். நரி! தலை மட்டுமா, வால்வரைக்கும் உள்ளே வந்திருந்தது. "எனக்கே அளவெடுத்த மாதிரி இருக்கே! முயல் எப்போ குடி வருது? அதுவரைக்கும் என் பசிக்கு நீ போதும்!"

வாசலை நரி அடைத்துக்கொண்டிருந்தது. சன்னலோ எட்டவில்லை. மாசிலாமணி கூடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியது. அந்தக் கூடமும் நரி துரத்தத்தான் வசதியாக இருந்தது! கடைசியில் மண் தள்ளும் சுரங்கம் கண்ணில் பட்டது. ஒரே பாய்ச்சல்! நரியும் பின்னாலேயே பாய்ந்தது. மூக்குதான் நுழைந்தது. முட்டி மோதிப் பார்த்து, மூக்கு சிராய்த்து, முனகிக்கொண்டே வந்த வழியே திரும்பிப் போனது.

மாசிலாமணி மறுமுனையில் உருண்டு வந்து விழுந்தது. அங்கே செவந்தி நின்றுகொண்டிருந்தது.

"தப்பிச்சேன் தங்கச்சி! இந்தச் சுரங்கத்துல நரி தலைகூட நுழைய முடியல!"

செவந்தி சுரங்கத்தைப் பார்த்தது. பெருச்சாளியைப் பார்த்தது.

"ஏண்ணே, இதைத்தானே நான் முதல் நாள் கேட்டேன்!"

வெட்கம் மாசிலாமணியைப் பிடுங்கித் தின்றது. அன்றைக்கே கூடம், சன்னல், பெரிய வாசல் எல்லாவற்றையும் மண் தள்ளி மூடியது. சுரங்கத்தின் முடிவில் குட்டிகள் படுக்க ஒரு குழியை மட்டும் விட்டது. மூன்று கற்களையும் வைத்தவர்களிடமே திருப்பிக் கொடுத்தது.

"அப்போ என் விருந்து?" என்று முள்ளம்பன்றி சிலிர்த்தது.

"விருந்து வெளியே, மர நிழல்ல! வாசலை அகலமாக்க முடியாது!"

'முடியாது' என்ற சொல் தன் வாயில் வந்ததைக் கேட்டு மாசிலாமணியே சிரித்துவிட்டது. நான்கு குட்டிகளும் பொழுது சாய்வதற்குள் குடியேறின.

கேட்பவருக்கெல்லாம் தலையாட்டும் முன், இந்த வேலை யாருக்காக, எதற்காக என்பதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.